காற்றைக் கேட்டுத் திற

சாவியை என் கையில் போட்டுவிட்டு
வீட்டுக்காரர் யெர்க்கோ சொன்னது ஒன்றே ஒன்று:
"வண்டிக் கதவை மட்டும்
காற்றைக் கேட்டுத் திற."
வாடகையைப் பற்றிக்கூட அப்புறம்தான் பேசினார்.

எங்களிடம் வண்டி இல்லை.
நான்கு பெட்டி. ஒரு தள்ளுவண்டி.
அதற்குள் ஏழு மாத ஹொசுவே.
அதன் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு
ஐந்து வயது மரியெல்விஸ்.

மரகைபோவில் காற்றை விலைக்கு வாங்கினோம்.
விசிறிக்கு ஒரு காசு, மின்சாரத்துக்கு ஒரு காசு,
மின்சாரம் போனால்
பழைய காலண்டர் அட்டையும் என் மணிக்கட்டும்.
புந்தா அரேனாசில் அது இலவசம்.
வேண்டுமா என்று கேட்பதில்லை,
முகத்தில் அறைந்து தருகிறார்கள்.

டிசம்பர். இரவு பத்து மணிக்கும்
ஜலசந்தி மேல் வெயில் கிடக்கிறது.
"சூரியன் இன்னும் படுக்கலையே, நான் மட்டும் ஏன்?"
மகளுக்குப் பதில் தெரியாமல்
கறுப்புக் குப்பைப் பைகளைப் பிரித்து
ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன்.
சால்மன் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்து
எதிக்சோன் காலையில் வருவான்.
விரலிடுக்கில் செதில், கண்ணில் மணல்.
அதே இருட்டில் அவள் எழுந்த சூட்டில் அவன் படுப்பான்.
ஒரு படுக்கை, இரண்டு இரவு.
நானும் அவனும் சமையலறையில்
ஒரு காபி நேரத்துக்குப் புருஷன் பெண்டாட்டி.

கொடியில் பதினோரு சாக்ஸ் போட்டேன்,
எடுக்கும்போது எட்டு.
மூன்றும் இடது காலா வலது காலா என்று
குழந்தை சாக்ஸில் யார் பார்த்தது.

மூன்றாம் நாள் கடைத்தெரு மூலையில்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டியிருந்தது.
போய் அதை ஒட்டி நின்றேன்.
எங்கள் ஊரில் கயிறு என்றால் வரிசை,
வரிசை என்றால் முனையில் ஏதோ இருக்கும்,
மாவோ, எரிவாயுவோ.
நின்ற பிறகுதான் கேட்போம் என்னவென்று.
இருபது நிமிடம் நின்றேன்.
முள்ளங்கிக் கட்டோடு வந்த ஒருத்தி
கயிற்றைப் பிடித்தபடி நடந்து என்னருகே நின்று,
"யாருக்காகக் காத்திருக்கிறாய்?" என்றாள்.
"இது எதற்கு?" என்றேன்.
"விழாமல் நடக்க," என்றாள்.
பிடித்துக்கொள்ள மட்டும் ஒரு கயிறு.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்புறம் கொஞ்ச நேரம் வேறேதோ வந்தது,
அதைக் காற்றின் மேல் போட்டுவிட்டேன்.
இங்கே எல்லோர் கண்ணிலும் நீர் வழிகிறது.
யாரும் காரணம் கேட்பதில்லை.

மார்ச்சில் ஹொசுவேக்குத் தடுப்பூசி.
"முகவரி?" என்றாள் மேசைக்காரி.
வாய் தானாக ஆரம்பித்தது,
எழுபத்திரண்டாம் தெரு, மாமரத்துக்கு எதிரே...
விசைப்பலகை மேல் அவள் விரல் அப்படியே நின்றது.
விற்றுவிட்ட வீட்டுக்கு
மருந்துச் சீட்டு போய்ச் சேருமா?

மேசைக்கு எட்டாத உயரத்திலிருந்து
மரியெல்விஸ் கத்தினாள்:
"லெங்கா தெரு, ஆயிரத்து நூற்றிரண்டு, பின்வீடு,
பச்சைக் கதவு,
மணி அடிக்காது, தட்டணும், போ!"

வாக்கியத்தின் கடைசியில் அந்த 'போ',
பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது.
அது யாரையும் போகச் சொல்வதில்லை.
இந்த ஊர் ஆட்கள் பேச்சுக்கு வைக்கும் வால்,
நாய்க்குட்டிக்கு இருப்பதுபோல, சும்மா ஆட.
மேசைக்காரி எல்லாவற்றையும் தட்டினாள்,
மணி அடிக்காது என்பதையும்.

ஊசி போட்ட தொடையைப் பிடித்துக்கொண்டு
ஹொசுவே அழுது முடித்தான்.
வாசலில் கண்ணாடிக் கதவு.
கைப்பிடியில் கை வைத்து ஒரு கணம் நின்றேன்,
யெர்க்கோ சொன்னாரே என்று.
கேட்டேன்.
பதில் ஒன்றும் வரவில்லை.
திறந்தேன்,
தொப்பி போயிற்று.

"அம்மா, விடு, நான் பிடிக்கிறேன், போ!"
மரியெல்விஸ் ஓடுகிறாள்,
உடம்பைக் காற்றில் சாய்த்து,
இந்த ஊர்ப் பிள்ளைகள் ஓடுவதைப் போலவே கோணலாக.